நெஞ்சு படபடக்காத ஆறு மாதம்

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு, தை மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வல்லத்துக்கு அப்பால் செம்மண் மேட்டில் இருக்கும் போலீஸ் சுடுதளத்தில் மோகனப்பிரியா வழக்கம்போலக் கடைசிப் பத்து ரவுண்டில் கோட்டை விட்டாள்.

தஞ்சாவூர் ஆயுதப்படையில் அவள் காவலர். வயது இருபத்தேழு. மாவட்டத் துப்பாக்கி அணியில் மூன்று வருடமாக இருந்தாள். இருநூறு மீட்டர் தூரம், படுத்த நிலை, நாற்பது ரவுண்டு, ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். முதல் முப்பது ரவுண்டு அவள் சுடுவதைப் பார்த்தால் மாநிலத்தில் இவளை அடிக்க ஆள் கிடையாது என்று தோன்றும். முப்பத்தொன்றாவதில் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். இன்னும் பத்துதான் பாக்கி, எல்லாம் ஒன்பதில் விழுந்தால் இவ்வளவு, ஒன்று தப்பினால் இவ்வளவு என்று. கணக்கு உள்ளே நுழைந்ததும் நெஞ்சு படபடக்கும். தரையோடு தரையாகப் படுத்திருக்கிற உடம்பில் அந்தத் துடிப்பு தோள் வழியாகத் துப்பாக்கிக்கு ஏறும். முனையில் இருக்கிற குறி ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு நூல் மேலே போய் இறங்கும். அதை அடக்க மூச்சைப் பிடிப்பாள். ரொம்ப நேரம் பிடித்தால் கண் மங்கும். மங்குவதற்குள் சுட்டுத் தொலைக்கலாம் என்று விரலை வெடுக்கென்று இழுப்பாள். ஏழு. சில நாள் ஆறு.

அணிக்குப் பொறுப்பான சப்-இன்ஸ்பெக்டர் இராஜாங்கம் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வார்: "கை இங்க இருக்கு. மனசு ஓடிப்போயி பரிசு குடுக்குற எடத்துல நிக்குது."

அன்றைக்கு முந்நூற்று நாற்பத்தொன்று. துப்பாக்கியைத் துடைத்து ஒப்படைத்துவிட்டு வேனுக்கு வந்தாள். சுடும் நேரத்தில் யார் கையிலும் போன் இருக்கக் கூடாது. எல்லா போனும் வேனில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்கும். அவளுடையதை எடுத்துப் பார்த்தாள். பதினான்கு மிஸ்டு கால். பாதி முத்துப்பேட்டையிலிருந்து, பாதி வளைகுடா நம்பர்.

கணவன் வசந்தகுமார் தோஹாவில் இருந்தான். முத்துப்பேட்டைக்குக் கிழக்கே மீனவர் தெருவில் பிறந்தவன். அப்பா காயாரோகணம் படகோடு போய்த் திரும்பாததற்குப் பிறகு அம்மா எல்லையம்மாள் மகனைக் கடலுக்கு அனுப்பவில்லை. கடலில் விழாமல் இருக்கட்டும் என்று ஐ.டி.ஐ. படிக்க வைத்தாள். அவன் அரபு நாட்டில் உயரமான கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலைக்குப் போனான். கல்யாணமாகி நான்கு வருடத்தில் இருவரும் சேர்ந்து இருந்தது மொத்தம் பதினான்கு மாதம். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கூப்பிடுவான். அன்று செவ்வாய்.

அவள் வளைகுடா நம்பரைத் திருப்பிக் கூப்பிட்டாள். எடுத்தது ஜாபிர். முத்துப்பேட்டைக்காரர், வசந்தகுமாரோடு ஒரே கேம்ப்பில் இருப்பவர்.

"தங்கச்சி, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"இருக்காங்கண்ணே. சொல்லுங்க."

"செத்த உக்காந்துக்க."

"பரவால்ல, சொல்லுங்கண்ணே."

ஜாபிர் அழ ஆரம்பித்தார். அழுகைக்கு நடுவில் ஆறாவது மாடி, பலகை, காலையில் ஏழு மணி என்று மூன்று விஷயம் அவளுக்குப் புரிந்தது. "சரிண்ணே" என்றாள். போனை வைத்துவிட்டு விரலில் ஒட்டியிருந்த துப்பாக்கி எண்ணெயைப் பேன்ட்டில் துடைத்தாள். வேனில் பக்கத்து சீட்டில் சஃபியா இருந்தாள். அதே அணியில் சுடுகிறவள், இரண்டு வருடம் இளையவள்.

"அவரு போயிட்டாராம்" என்றாள் மோகனப்பிரியா.

"எங்கக்கா?" என்றாள் சஃபியா.

முத்துப்பேட்டையில் நான்கு நாள் இருந்தாள். உடல் இல்லாத துக்க வீடு அது. வந்தவர்களுக்கு எங்கே பார்த்து அழுவது என்று தெரியவில்லை. சிலர் சுவரில் மாட்டிய கல்யாணப் போட்டோவைப் பார்த்து அழுதார்கள், சிலர் அவளைப் பார்த்து. கட்டிக்கொண்டு அழ வந்தவர்களின் முதுகை அவள்தான் தட்டிக் கொடுத்தாள். "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று வாசலில் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. உண்மையாகவே கல் மாதிரிதான் இருந்தது. காபி சூடு தெரியவில்லை. எல்லையம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழும்போது, இவ்வளவு பலமாக அடித்தால் நாளைக்கு வலிக்குமே என்று மட்டும் தோன்றியது.

தோஹாவிலிருந்து உடல் வர என்னென்னவோ தாள் வேண்டியிருந்தது. போலீஸ் தாள், ஆஸ்பத்திரித் தாள், கம்பெனித் தாள், தூதரகத் தாள். ஜாபிர் வேலைக்கு லீவு போட்டு அலைந்தார். பத்து நாள் என்றார்கள், பிறகு பதினைந்து என்றார்கள். ஐந்தாம் நாள் காலையில் எல்லையம்மாள் மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு மருமகளிடம் வந்தாள்.

"நீ ஊருக்குப் போ மோகனா."

"எப்படி அத்தை?"

"இங்க உக்காந்து வர்றவ மூஞ்சியெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தா ரெண்டு பேருக்கும் பைத்தியம் புடிச்சுரும். நான் மார்க்கெட்டுக்குப் போறேன். நீ உன் வேலையப் பாரு. அவன் வந்தா சேதி சொல்றேன்."

தஞ்சாவூர் குவார்ட்டர்ஸிலும் அதே கதைதான். பக்கத்து வீட்டுப் பெண்கள் மாற்றி மாற்றிச் சோறு கொண்டுவந்து, அவள் சாப்பிடுவதை உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டாம் நாள் காலையில் அவள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு அணி வேனில் ஏறி உட்கார்ந்தாள். மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் வாரம் அது.

இராஜாங்கம் அவளைத் தனியே கூப்பிட்டார். அவர் கை சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தது.

"லீவுதானம்மா உனக்கு?"

"வீட்ல இருக்க முடியலங்கய்யா."

"இப்ப உன் கையில நான் லோடு பண்ணின ஆயுதத்தக் குடுக்கலாமா? நீயே சொல்லு."

அவர் எதைச் சொல்கிறார் என்று புரிய அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது. "அப்படியெல்லாம் ஒன்னும் பண்ணிக்க மாட்டேங்கய்யா. பண்ணிக்கணும்னுகூடத் தோணல" என்றாள்.

அவர் யோசித்து, முதலில் காலித் துப்பாக்கியோடு அரை மணி நேரம் படுக்க வைத்தார். பிறகு ஒவ்வொரு ரவுண்டாகக் கையில் கொடுத்தார். பக்கத்தில் சஃபியாவை உட்கார வைத்து, "கண்ண எடுக்காத" என்று சொல்லிவிட்டுத் தொலைநோக்கிக்குப் போனார்.

மோகனப்பிரியா படுத்தாள். முழங்கைக்குக் கீழே சரளை குத்தியது. குத்துகிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான். துப்பாக்கி முனைக் குறி இவ்வளவு தெளிவாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. மூச்சு பாதி வெளியே போய்த் தானாக நின்றது. விரல் அழுந்திக்கொண்டே இருந்தது, வெடித்தது. சத்தம் வேறு யாருடைய வீட்டிலோ பாத்திரம் விழுந்த மாதிரி இருந்தது. சுட்டவுடன், இலக்கைப் பார்க்காமலே, குண்டு எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டும். அந்த அணியின் பழக்கம் அது. "நடு" என்றாள். நடு. அடுத்தது. "வலது ஓரம், ஒன்பது" என்றாள். வலது ஓரம், ஒன்பது. முன்பெல்லாம் அவள் சொல்வதற்கும் இலக்கு காட்டுவதற்கும் பாதி நாள் சம்பந்தம் இருக்காது. ஆசை வந்து சொல்லைத் திருத்திவிடும். இப்போது ஆசைப்பட உள்ளே யாரும் இல்லை. முப்பத்தொன்றாவது ரவுண்டு எப்போது வந்தது, எப்போது போனது என்று அவளுக்குத் தெரியாது. இன்னொரு ரவுண்டுக்குக் கையை நீட்டினாள். சஃபியா தோளைத் தொட்டாள்.

"முடிஞ்சுதுக்கா. நாப்பதும் ஆச்சு."

முந்நூற்று எழுபத்திரண்டு. யாரும் கை தட்டவில்லை. இராஜாங்கம் தாளை இரண்டு முறை கூட்டிப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டார். வேன் திரும்பி வரும்போது அவள் இடது மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். நாடி அடித்துக்கொண்டுதான் இருந்தது, ரொம்ப மெதுவாக.

அதற்குப் பிறகு தினமும் போனாள். சுடுதளத்தில் யாரும் ஆறுதல் சொல்ல மாட்டார்கள். அங்கே பேசுவதே குறைவு. எழுபது, எழுபத்தைந்து, எழுபத்து மூன்று என்று முந்நூறுக்கு மேலே நின்றுகொண்டே இருந்தது. வழியில் வயலில் அறுவடை மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு வாரம் கழித்து வைக்கோல் சுருட்டுகிற மெஷின்கள் ஓடின. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

இருபத்தாறாம் நாள் உடல் திருச்சி விமான நிலையத்துக்கு வந்தது. சரக்கு இறக்கும் பக்கம் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். அவளும் வசந்தகுமாரின் சித்தப்பா முருகையனும் போனார்கள். பெட்டி மேல் அவன் பெயரை ஒரு எழுத்துத் தப்பாக அடித்திருந்தார்கள். முருகையன் அதைப் பார்த்துக் குழம்பி, "நம்ம பையன்தானா?" என்று கேட்டார். "நம்ம ஆளுதான் மாமா, பாஸ்போர்ட் நம்பர் சரியா இருக்கு" என்றாள். ஆம்புலன்ஸ் தஞ்சாவூர், மன்னார்குடி வழியாக முத்துப்பேட்டைக்குப் போனது. வீட்டில் முகத்தளவு மட்டும் திறந்து காட்டினார்கள். மீசையை யாரோ சீவிவிட்டிருந்தார்கள். அவள் நன்றாகப் பார்த்தாள். இடது புருவத்தின் வெட்டுத் தழும்பைக்கூடப் பார்த்தாள். இலக்கைப் பார்ப்பது போலத்தான் பார்க்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. காரியம் முடியும்வரை செய்ய வேண்டியதையெல்லாம் சொன்னபடி செய்தாள்.

பங்குனி பிறந்ததும் செங்கல்பட்டுப் பக்கம் மாநில அளவில் போட்டி. முந்நூற்று எழுபத்தெட்டு. தங்கம். அதுவரை தஞ்சாவூர் அணியில் யாரும் வாங்காதது. மேடையில் பதக்கம் மாட்டிய அதிகாரி அவள் காதருகே குனிந்து, "யூ ஆர் அயர்ன், அம்மா" என்றார். மறுநாள் பத்திரிகையில் 'கணவரை இழந்தும் கலங்காத வீராங்கனை' என்று போட்டோவோடு வந்தது. எல்லையம்மாளுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் அதைப் படித்துக் காட்டினாளாம். அன்று சாயங்காலம் போனில் கேட்டாள்: "கலங்கலன்னு நீயாம்மா சொன்ன?"

"நான் ஒன்னும் சொல்லல அத்தை. அவங்களே எழுதிக்கிட்டாங்க."

"சரி. சாப்டியா?"

பிறகு ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த பெண் காவலர்கள் இருநூறு பேருக்கு முன்னால் அவளைப் பேசச் சொன்னார்கள். தலைப்பு 'மன உறுதி' என்று பேனரில் எழுதியிருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் மூச்சு விடுவதைப் பற்றிப் பத்து நிமிடம் சொன்னாள். எவ்வளவு உள்ளே இழுப்பது, எங்கே நிறுத்துவது, எத்தனை விநாடிக்குள் விரல் அழுந்த வேண்டும் என்று. கேள்வி கேட்கலாம் என்றதும் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், அவரு இறந்தத எப்படி மேடம் மறந்துட்டு சுட்டீங்க?"

"மறக்கல. ஞாபகமும் வரல" என்றாள்.

பேச வைத்த அதிகாரி முதலில் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். கேள்வி கேட்ட பெண் தட்டவில்லை என்பதை மட்டும் அவள் கவனித்தாள்.

அகில இந்தியப் போலீஸ் போட்டிக்குத் தமிழ்நாட்டு அணியில் அவள் பெயர் வந்தது. இராஜாங்கம் சந்தோஷத்தில் அணிக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். சித்திரை, வைகாசி, ஆனி. மதிப்பெண் இறங்கவே இல்லை. உடம்பு மட்டும் ஆறு கிலோ இறங்கியிருந்தது.

மேட்டூரில் தண்ணீர் திறந்து, கல்லணை தாண்டி வாய்க்கால்களுக்கு வந்துசேர்ந்த வாரம் அது. வேன் மெடிக்கல் காலேஜ் தாண்டியதும் டயர் காற்று இறங்கி நின்றது. எதிரே நல்லக்கண்ணுவின் டீக்கடை. அவர் எட்டு மாதம் திருப்பூரில் மகனோடு இருந்துவிட்டு அந்த வாரம்தான் வந்து கடையைத் திறந்திருந்தார். வசந்தகுமார் லீவில் வரும்போதெல்லாம் இருவரும் அந்தக் கடையில் டீ குடிப்பார்கள். அவள் கிளாஸை வாங்கும்போது நல்லக்கண்ணு சிரித்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி எப்பம்மா வருது?"

"தீபாவளிக்கு வர்றாருங்க" என்றாள்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் நின்ற சஃபியா கிளாஸைக் கீழே வைத்தாள்.

"வந்தா கூட்டிட்டு வா. தம்பிக்குத்தான் சக்கர கம்மியா போடணும். எனக்கு நெனப்பு இருக்கு" என்றார் அவர்.

அவள் டீயை முழுக்கக் குடித்தாள். வேனில் ஏறினாள். சுடுதளத்தில் பாயை விரித்துப் படுத்தாள். முதல் ரவுண்டுக்கு மூச்சை இறக்கியபோது முனைக் குறி ஒரு நூல் மேலே போய் இறங்கியது. மறுபடி போய் இறங்கியது. என்ன இது என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. நெஞ்சு. ஆறு மாதமாக இருக்குமிடம் தெரியாமல் கிடந்த நெஞ்சு, தரையில் இடித்துக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு வந்தால் சர்க்கரை கம்மி. ஆறாவது மாடியில் காலை ஏழு மணிக்கு அவன் டீ குடித்திருப்பானா, குடித்திருந்தால் சர்க்கரை எவ்வளவு போட்டிருப்பார்கள் என்று மனசு கேட்டது. சுட்டாள். ஆறு. மறுபடி சுட்டாள். ஐந்து. மூன்றாவது குண்டு இலக்கின் தாளிலேயே படவில்லை. நான்காவதற்கு அவள் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்தபோது கட்டை ஈரமாக வழுக்கியது. வியர்வை என்று நினைத்துத் துடைத்தாள். மறுபடி ஈரமானது.

சஃபியாதான் துப்பாக்கியை வாங்கி ரவுண்டை எடுத்தாள்.

இராஜாங்கம் ஒரு வாரம் ஓய்வு கொடுத்தார். ஒரு வாரம் கழித்து முந்நூற்று முப்பது. அடுத்த வாரம் முந்நூற்று இருபத்தாறு. போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. வாழ்நாளில் அகில இந்தியப் பதக்கம் ஒன்றைத் தன் அணியில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் அவருக்கு இருந்தது. ஒரு நாள் வேப்பமரத்தடியில் அவளை உட்கார வைத்து, தன் நோட்டைத் திறந்து காட்டினார்.

"பாரு, மாசி, பங்குனி, சித்திரை. எல்லாம் நீ சுட்டதுதான். அப்ப ஒரு மனசு இருந்துச்சு பாரு, ஆடாம அசையாம. அத மட்டும் திருப்பி வரவழைச்சுட்டன்னா போதும். முயற்சி பண்ணும்மா."

அவள் நோட்டைப் பார்த்தாள். ஒவ்வொரு தேதியாகப் பார்த்தாள். உடல் எங்கேயோ குளிர்பெட்டியில் கிடந்த தேதிகள் இருந்தன.

"அது வரணும்னா என்ன நடக்கணும்னு யோசிச்சுப் பாத்தீங்களாய்யா?" என்றாள்.

இராஜாங்கம் நோட்டை மூடினார். அவர் முகம் சிவந்து, பிறகு என்னவோ போல ஆனது. "தப்பா சொல்லிட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அவளிடம் மதிப்பெண் பற்றி அவர் பேசவில்லை.

அணியிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. அவர்களும் எடுக்கவில்லை. இந்தூரில் நடந்த போட்டிக்கு இரண்டு இரவு ரயிலில் போனார்கள். நாற்பது ரவுண்டும் நெஞ்சு படபடத்தது. அவள் அதை அடக்கப் பார்க்கவில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் விரலை அழுத்தினாள், கிடைக்காதபோது காத்திருந்தாள். நேரம் போதாமல் கடைசி மூன்று ரவுண்டை அவசரமாகச் சுட வேண்டியிருந்தது. "கீழே, இடது, ஏழு" என்றாள் கடைசிக் குண்டுக்கு. ஏழுதான். முந்நூற்று முப்பத்தொன்பது. முப்பத்தெட்டாவது இடம். அவளுடைய பழைய மதிப்பெண்ணுக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில்தான் இருந்தது. பத்திரிகைக்காரர் யாரும் வரவில்லை.

திரும்பும் வழியில் நேரே முத்துப்பேட்டைக்குப் போனாள். எல்லையம்மாள் மார்க்கெட்டில் உட்கார்ந்து கொடுவா மீனை வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கடைக்காரி, "ஜெயிச்சுட்டு வந்துட்டாளா ஒம் மருமவ?" என்று கேட்டாள்.

"தோத்துட்டா" என்றாள் எல்லையம்மாள், வெட்டுவதை நிறுத்தாமல். மருமகளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். சற்று அதிக நேரம் பார்த்தாள். "அழுதியா?"

"ரயில்ல கொஞ்சம்."

"சரி. வீட்டுச் சாவி இடுப்புல இருக்கு, எடுத்துக்க. கை நாறுது எனக்கு."

இரண்டு வருடம் கழித்து மோகனப்பிரியா எழுதிக் கேட்டுத் திருவாரூர் மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனாள். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி எல்லையம்மாள் இரண்டு முறை பேச்செடுத்தாள், அவள் பிடிகொடுக்கவில்லை. ஜாபிர் லீவில் வந்தால் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பேரீச்சம்பழப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போவார். சஃபியா கேட்டுப் பார்த்தும் அவள் போட்டிகளுக்குத் திரும்பவில்லை. எல்லாக் காவலர்களும் வருடத்துக்கு ஒருமுறை சுட்டுக் காட்டியாக வேண்டும். அதற்கு மட்டும் போகிறாள். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் படுத்து, கொடுக்கிற ரவுண்டைச் சுட்டு, தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியப் பேருந்தில் திரும்பிவிடுவாள். தேர்ச்சிக்குத் தேவையான மதிப்பெண் எப்போதும் வந்துவிடுகிறது. எவ்வளவு என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.